எரியாத உப்பு

“கழற்று அந்தச் சட்டையை!”

ராஜாராமன் போட்ட சத்தத்தில், காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வரிசையாக நின்ற தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். சுடலை மிரண்டுபோய்ச் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான். ராஜாராமன் பட்டன் தெறிக்க அதை உருவியே விட்டான்.

“ஸ்டோர் கிளார்க்குன்னா ஆம்பளைய ஊரு பாக்க உரிச்சு நிறுத்துவீகளோ?” சுடலையின் பெண்டாட்டி மாரித்தாய் கொழுந்துக்கூடையை விட்டெறிந்துவிட்டு வந்தாள். “நேத்து வந்த ஆளு நீரு! எம் புருசன் பதினாறு வருசமா இந்த மலையில கெடக்கான்!”

அவள் சொன்னது நிஜம். பாலக்காட்டில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ராஜாராமன் தேவிகுளம் மலையேறி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் களைக்கொல்லி டிரம்மின் அடியில் பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரை நேற்றுச் சாயங்காலமே அவன் படித்திருந்தான்.

அதைத் தண்ணீரில் கரைத்து, சுடலையும் சேர்த்துப் பதினாலு பேர் தெளிக்கிறார்கள். உடுத்திய துணியெல்லாம் நனைகிறது. பனியில் காயாத துணியைத் தாங்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுபோய் அடுப்புக்கு மேலே கொடியில் போடுகிறார்கள்.

“என்ன கலாட்டா?” அசிஸ்டெண்ட் மேனேஜர் துரைசுவாமி வந்தார்.

“சார், இந்த மருந்தை உடனே நிறுத்தணும். துணியில ஏறினா தீப்பிடிக்கும்.”

“அது உப்பு ஓய். எரிஞ்சதை நீர் பாத்தீரா?”

“பாக்க வேண்டாம் சார். பேரைப் படிச்சாலே எப்படிக் கட்டியிருக்குன்னு தெரியறதே! ஒரு க்ளோரினோட மூணு ஆக்ஸிஜன் ஒட்டிண்டிருக்கு. சூடு பட்டா விட்டுடும். தான் எரியாது, பக்கத்துல இருக்கறதை எரிய வைக்கும்.”

“ஏட்டுச் சுரைக்காய்!” துரைசுவாமி சிரித்தார். கங்காணியிடம் ஒரு பிடி மருந்து வாங்கினார். பாறைமேல் கிடந்த சருகுகளைப் பூட்ஸ் காலால் சுத்தமாக ஒதுக்கித் தள்ளிவிட்டு அங்கே கொட்டினார். லைட்டரைப் பற்றவைத்து மேலாகக் காட்டினார்.

உப்பு உப்பாகவே கிடந்தது.

கூட்டம் சிரித்தது. வெற்று மார்போடு நின்ற சுடலையும் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ராஜாராமனுக்குக் கண் சிவந்துவிட்டது. மருந்து காய்ந்து, கஞ்சி போட்டதுபோல் விறைத்திருந்த சட்டையை ஒரு கம்பு நுனியில் மாட்டினான். தீக்குச்சியைக் கிழித்து அதன் ஓரத்தில் வைத்தான்.

புஸ்ஸென்று ஒரு சீறல். கண் மூடித் திறப்பதற்குள் சட்டை இல்லை. கம்பு மட்டும் கருகி எரிந்தது.

சுடலை தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

“ஐயோ, அடுப்புக்கு மேல நாலு துணி காயுதே! எம் புள்ள கீழ தூங்குதே!” மாரித்தாய் அலறிக்கொண்டு லயத்துக்கு ஓடினாள். பெண்களெல்லாம் பின்னாலேயே ஓடினார்கள். கால்மணி நேரம் கழித்து, துணிகளை அண்டாத் தண்ணீரில் முக்கிவிட்டு, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் திரும்பி வந்த பிறகுதான் ராஜாராமனுக்கு மூச்சு வந்தது. அவள் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஆபீசுக்கு வாரும்” என்றார் துரைசுவாமி.

உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். “மழைக்கு முந்திக் களை முடிஞ்சாகணும். கூலிக்காரன் இன்னிக்கு ஒரு நாள் பயப்படுவான், நாளைக்கு மறந்துடுவான். நீர் வாயை மூடிண்டு போய் மருந்தை எடுத்துக் கொடும்.”

ராஜாராமன் மேஜையைக் குத்தப்போன கையை மடக்கிக்கொண்டான். இந்த மனுஷனுக்குப் படிப்பு போதாது, பொறுமையாகத்தான் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்தான்.

“போனது போகட்டும் சார். இத்தனை நாள் தெரியாம நடந்துடுத்து. இனிமேலாவது—”

துரைசுவாமி நிமிர்ந்து பார்த்தார்.

“தெரியாமன்னு யாரு ஓய் சொன்னா?”