கத்தரிக்கோல் சத்தம்

கிரீடம் இவளுடையது. மணப்பெண் சாம்பவியின் தலையில் இருந்தது.

மண்டபத்தில் எல்லோரும் மணப்பெண்ணைச் சுற்றி நின்று லாத்வியப் பாட்டுப் பாடினார்கள். இவளும் வாயசைத்தாள்.

இவளுக்குப் பதினாறு வயதில் அம்மா செய்து கொடுத்த கிரீடம். லாத்வியாவில், சொந்த ஊரில் நெய்த துணிக்கு ரொறன்ரோவில் எங்கே போவது? பழைய கோட்டிலிருந்து சிவப்புக் கம்பளி. அறுந்த மாலையிலிருந்து கண்ணாடி மணிகள். உள்ளே சப்பாத்துப் பெட்டி அட்டை.

கல்யாணம் ஆகாத பெண்கள் கிரீடம் வைப்பார்கள். ஆனவர்கள் தலையில் வெள்ளைத் துணி கட்டுவார்கள்.

நாற்பது தாண்டியதும் இவள் அதைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அம்மா அந்தப் பெட்டியைத் திறந்தாள்.

"சும்மாதானே கிடக்கு. சாம்பவி வச்சுக்கட்டும்."

சரி என்றாள். வேறென்ன சொல்வது?

சாம்பவிக்குச் சின்னத் தலை. அம்மாவின் அறையில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. கேட்கக் கேட்க இவளுக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்த தமிழ்ப் பெண்ணுக்காக என் கிரீடத்தை வெட்ட வேண்டுமா?

கிரீடத்தோடு கொடுத்த கோடு போட்ட பாவாடையாவது அவளுக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம். பொருந்தித் தொலைத்தது.

பாட்டு நின்றது.

சாம்பவி கிரீடத்தைக் கழற்றினாள். மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம் ஆகாத பெண்ணின் தலையில் அதை வைக்க வேண்டும். அதுதான் முறை. அந்த வீட்டில் அப்படி ஒருத்திதான்.

இவள் குனிந்தாள்.

சாம்பவி கிரீடத்துக்குள் விரலை விட்டு, மடித்துச் செருகியிருந்த பஞ்சுப் பட்டையை உருவினாள்.

"வெட்ட நான் விடேல்லை மச்சாள். உங்கட அளவிலேயே இருக்கு."

கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு மணிகூடக் குறையவில்லை. மனதுக்குள் திட்டுவதற்கு இருந்த காரணமும் போய்விட்டது.

அப்படியானால் அந்தச் சத்தம்?

அம்மா மடியிலிருந்த வெள்ளைத் துணியை விரித்தாள்.

அம்மா தன் கல்யாணத்தில் கட்டிய துணி. அலமாரியின் மேல்தட்டில், தாளில் சுற்றி இருக்கும். சின்ன வயதில் ஒருமுறை தலையில் போட்டுப் பார்த்ததற்கு இவள் அடி வாங்கியிருக்கிறாள்.

அதன் ஓரத்தைக் குறைத்துப் புதிதாகத் தைத்திருந்தாள் அம்மா. சாம்பவியின் அளவுக்கு.

அவள் தலையில் சுற்றி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். போட்ட பிறகும் கையை எடுக்கவில்லை. அந்தக் கன்னத்திலேயே வைத்திருந்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

இவளும் தட்டினாள், கை வலிக்கிற அளவுக்கு.

கிரீடம் அசையவே இல்லை.