கூடுதலாக ஒரு சேவல், ஒரு பெட்டை

"ஏங்க, கணக்குத் தெரியாம கோழி வாங்கிட்டு வந்திருக்கீங்களா?"

காதூன் கேட்டது கணவர் மெனாஷேயைத்தான். ஆனால் பாக்தாத் யூதர் தெரு முழுக்கக் கேட்டது. அவள் ரகசியம் பேசினாலே நதிக்கு அக்கரையில் கழுதைகள் காதை நிமிர்த்தும்.

மறுநாள் கிப்பூர் பெருநோன்பு. அதற்கு முன்பு வீட்டில் ஆளுக்கொரு கோழியைத் தலையைச் சுற்றி, பாவத்தை அதன்மேல் இறக்கிவிட்டு அறுக்க வேண்டும். ஆணுக்குச் சேவல், பெண்ணுக்குப் பெட்டை. மெனாஷே, மகன் ஷாவுல், காதூன், மருமகள் லூலூ என்று வீட்டில் நாலே பேர். முற்றத்தில் கத்திக்கொண்டிருந்தவையோ ஆறு.

"கணக்கெல்லாம் சரிதான்" என்றார் மெனாஷே, தாடிக்குள்.

எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ரஹ்மாவுக்குத்தான் முதலில் உறைத்தது. வயிற்றுப் பிள்ளைக்கும் கோழி சுற்றுவது வழக்கம். ஆணா பெண்ணா தெரியாதே, அதனால் அதற்கு மட்டும் ஜோடியாக வாங்குவார்கள். அவள் போட்ட குலவையில் டைகிரிஸ் மீன்கள் கரையேறியிருக்கும். அடுத்த நிமிஷம் தெருப் பெண்கள் மொத்தமும் முற்றத்தில்.

எல்லாரும் லூலூவைச் சூழ, அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கல்யாணமாகி வருஷக்கணக்காகப் பிள்ளையில்லை. இந்த நோன்பு முடிந்ததும் ஷாவுலுக்கு இரண்டாவது பெண் கட்டிவைப்பதாக மாமியார் சொல்லியிருந்தாள். சொன்னதோடு விடவில்லை, பெண்ணும் பார்த்தாகிவிட்டது.

"அத்தை, நான் வந்து..." என்று லூலூ வாய் திறந்த போதெல்லாம் யாராவது ஒருத்தி பாதாம் மிட்டாயைத் திணித்து அடைத்தாள்.

காதூன் மருமகளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். தன் தங்க வளையல்களைக் கழற்றி அவள் முழங்கை வரை ஏற்றினாள். வெட்கத்தைப் பாரு கழுதைக்கு, என்று கன்னத்தைக் கிள்ளினாள். அதோடு நிற்காமல், அத்தனை பேர் முன்னிலையில் வலக்கையை உயர்த்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்கடி. இந்த வீட்டுக்கு ஒரு பிள்ளை வரப்போகுது. இனிமே ரெண்டாவது மருமகள்னு எவளாவது பேசினா அவ நாக்கு அழுகட்டும். நானே பேசினாலும் என் நாக்கு அழுகட்டும்."

கிப்பூருக்கு முதல் நாள் செய்த சத்தியம். ராஜாவே வந்தாலும் மாற்ற முடியாது.

அதற்காகவே காத்திருந்தவர் போல மெனாஷே எழுந்தார். மகனுக்கும் தனக்கும் சேவல் சுற்றி முடித்தார். ஒரு பெட்டையை எடுத்து லூலூவின் தலையைச் சுற்றிக் கீழே வைத்தார்.

அந்த ஜோடியையும் அவளுக்குச் சுற்றச் சொல்லி காதூன் அதட்டினாள்.

மெனாஷே காதில் வாங்கவில்லை. மிச்சமிருந்த மூன்று கோழிகளையும் அள்ளிக்கொண்டு, சிங்கக் குகைக்குள் இறங்கிய தானியேல் போல மனைவிக்கு எதிரே போய் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, மூன்றையும் சேர்த்து அவள் தலையைச் சுற்றினார்.

"நேத்து உன் வாயுத் தொல்லைக்கு மருத்துவச்சி வந்து வயித்தைத் தடவிப் பார்த்தாளே காதூன், அது வாயு இல்லையாம். உன்கிட்ட சொல்ல அவளுக்குப் பயம்."