சுத்தமான போன்

நிருபர் எழுதும் முன்பே அவருடைய செய்திகள் போட்டிப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தன. யாரோ தன் போனில் உளவுச் செயலியை வைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி, வாராவாரம் ரிப்பேர் கடைக்கு ஓடினார். இந்த வாரமும் கடை பெஞ்சில் சார்ஜரோடு காத்திருந்த ஒருவர் வழக்கம்போல் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"சுத்தமாத்தான் இருக்கு சார்," என்றார் கடைக்காரர்.

"இன்னொரு தடவை பாருங்கண்ணே. மேம்பாலம் கான்ட்ராக்ட் மேயரோட மச்சானுக்குப் போகுது, நாளைக்குக் கையெழுத்து. இதுவும் கசிஞ்சா எடிட்டர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் இந்தப் போனுக்கும்தான்."

"அப்போ பெஞ்சுல இருக்கிறவர்? நீங்க சொல்லச் சொல்ல வாராவாரம் எழுதிக்கிறாரே. உங்க ஆபீஸ்காரர்னுல்ல நெனச்சேன்."

நிருபர் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் சார்ஜர் மட்டும் கிடந்தது.