பரிசு வாங்கிய எருமை

ஒரு பல்கலைக்கழக ஓவியத் துறையில், மாணவர்கள் பார்த்து வரைவதற்காக ஓர் எருமையை மரத்தடியில் கட்டியிருந்தார்கள். அது தலையைத் தொங்கப்போட்டு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். மாணவர்கள் வரைவார்கள், பேராசிரியர் மணவாளன் திருத்துவார்.

ஆண்டுக் கண்காட்சியில் ஜெசிந்தா என்ற மாணவி வரைந்த எருமைக்கு முதல் பரிசு கிடைத்தது. படத்தில் எருமை கழுத்தை நிமிர்த்தி, முன்னங்காலைத் தூக்கி, போருக்குக் கிளம்புவதுபோல் நின்றது. ஜன்னல் வழியே அதைப் பார்த்த எருமைக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் இவ்வளவு அழகுன்னு எனக்கே தெரியாமப் போச்சே!" என்றது, முதுகில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவியிடம்.

"அக்கா, அது நீ இல்ல."

"பரிசு குடுத்தவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்!"

விடுமுறை முழுவதும் எருமை அதேபோல் நிற்கப் பழகியது. கழுத்து வலித்தது, கால் நடுங்கியது. அசைபோடுவதைக்கூட விட்டுவிட்டது.

புது மாணவர்களோடு வந்த மணவாளன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன இது, பொம்மை மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது? இத ஓட்டிட்டுப் போய் சந்தையில வித்துட்டு, இயல்பா நிக்கிற எருமையா ஒண்ணு பிடிச்சிட்டு வாங்க."

கரிச்சான் பதறிப்போனது. "அக்கா, சீக்கிரம் பழையபடி நில்லு!"

எருமை கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தது. ஒன்றும் பிடிபடவில்லை.

"அப்ப எப்படி நின்னேன்னு மறந்துபோச்சே," என்றது. "அதையும் யாராவது வரைஞ்சு வச்சிருக்காங்களான்னு பாரேன்."