மூன்றாவது சரணம்

கீழ் அம்புக்குறியை ஒருமுறை அமுக்கினாள்.

திரையில் மூன்றாவது சரணத்தின் மேலிருந்த, கிட்டாருக்கும் கீபோர்டுக்குமான கோர்டுகள் எல்லாம் ஒன்றாகச் சுருதியில் அரைப்படி இறங்கின. ஜி இருந்த இடத்தில் எஃப் ஷார்ப்.

மெல்லப் பாடிப் பார்த்தாள். உச்சியில் காற்று மட்டும் வந்தது.

இன்னொரு முறை அமுக்கினாள். எஃப்.

பாதிக் குரல், பாதிக் காற்று.

இன்னொரு முறை. ஈ.

குரல் வந்து உட்கார்ந்தது.

ஜெசிந்தா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

மார்ச்சில் அவள் குரல்நாணிலிருந்து ஒரு மிளகளவு கட்டியை எடுத்தார்கள். ஆறு வாரம் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் டாக்டர். தூத்துக்குடியில் அவர்கள் சர்ச்சின் பாடகர் குழுவில் பதினொரு வருடமாகத் தனிப்பாட்டு என்றால் அவள்தான்.

பேசாமல் இருக்கலாம். சும்மா இருக்க முடியவில்லை.

குழுவை நடத்தும் பொன்னையா சாரிடம் அவருடைய கோர்டு நோட்டை எழுதிக்காட்டிக் கேட்டு வாங்கினாள். அடித்தல், திருத்தல், காப்பிக் கறை. ஞாயிறுதோறும் கிட்டார் ஒரு கோர்டு வாசிக்கும், கீபோர்டு வேறொன்று வாசிக்கும். காரணம் அந்த நோட்டில் இருந்தது. ஒவ்வொரு பாட்டாக லேப்டாப்பில், இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் ஏற்ற ஆரம்பித்தாள்.

முதல் வாரம் தமிழ் உடைந்து உடைந்து வந்தது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். எழுத்துருவை மாற்றியதும் சரியானது.

அடுத்த வேலை, கோர்டை அது விழ வேண்டிய அசையின் மேல் வைப்பது. அதற்குப் பாட்டைப் பாடித்தான் ஆக வேண்டும்.

உதடு அசையாமல், உள்ளுக்குள்ளேயே, நாற்பத்து மூன்று பாட்டுகளைப் பாடி முடித்தாள்.

ஆறு வாரத்துக்குப் பிறகு பேச்சு வந்தது. பழைய உயரம் வரவில்லை.

பொன்னையா சார் நல்ல மனிதர். அறுப்பின் பண்டிகைப் பாட்டில் மூன்றாவது சரணம் அவள் தனியாகப் பாடுவது. அதைப் பற்றிப் பேச வந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“இந்த வருசம் அத எல்லாருமாப் பாடிருவோம்மா.”

தலையாட்டினாள்.

அந்த ஒரு பாட்டை மட்டும் இரண்டு நாள் திறக்கவில்லை. இன்று சனிக்கிழமை. நாலு மணிக்கு ஒத்திகை. காலையில் திறந்துதான் ஆக வேண்டியிருந்தது.

திறந்தாள். விரல் கீழ் அம்புக்குறிக்குப் போனது.

இப்போது ஈ-யில் மறுபடியும் முதலிலிருந்து பாடினாள். இந்த முறை முழுக்குரலில்.

கீழ்ச் சுரங்களில் அவளுக்கே அறிமுகமில்லாத ஒரு கனம் இருந்தது. யாரோ பக்கத்தில் நின்று பாடுவது போல. பாட்டின் நடுவிலேயே சிரித்துவிட்டாள்.

காப்பி கொண்டுவந்த கணவன் எபனேசர், கதவருகே நின்றவன் நின்றபடியே இருந்தான். காப்பியில் ஆடை படிந்தது.

இனி வேலை.

மற்ற சரணங்கள் ஜி-யிலேயே இருக்கட்டும். குழுவுக்கு அதுதான் வசதி. ஆனால் அங்கிருந்து ஈ-க்குத் திடீரென்று குதித்தால் கேட்பவருக்கு இடறும். நடுவில் ஒரு பி செவன் கோர்டு வைத்தாள். கால் வைத்து இறங்க ஒரு படி.

ஓடவிட்டுக் கேட்டாள். இடறவில்லை.

சரணத்தின் தலையில் ‘தனிக்குரல்’ என்று தட்டினாள். பக்கத்தில் பெயர் போட விரல் போனது.

போடவில்லை.

பதினெட்டுப் பிரதி எடுத்தாள். ஒவ்வொன்றும் இரண்டு பக்கம்.

நாலு மணிக்கு எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மார்ச்சிலிருந்து உட்காரும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. கிட்டாரும் கீபோர்டும் ஒரே கோர்டில் நின்றன.

கிட்டார்காரன் ரூபன்தான் முதலில் நிறுத்தினான்.

“சார், மூணாவதுல ஸ்கேல் ஈ-க்கு எறங்குது. அக்கா தெரியாம அமுக்கிட்டாவளோ?”

பொன்னையா சார் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். வாசித்தார். கடைசி பெஞ்சைத் தேடினார்.

“ஜெசிந்தா, தனிக்குரல்னு போட்டிருக்க. யாரும்மா பாடுதா?”

அவள் எழுந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். மைக்கை ஒரு சாண் இறக்கி வைத்தாள்.

ரூபனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பி செவன்.

பாடினாள்.

முதல் வரியில், உச்சக்குரல் பாடும் சோப்ரானோ பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது வரியில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது வரியில் ரூபன் கோர்டு மாற்ற மறந்தான். அவள் பாட்டை நிறுத்தாமல், ஒரு விரலால் அவன் தாளில் அந்த இடத்தைத் தொட்டுக்காட்டினாள். பல்லைக் காட்டிக்கொண்டே வந்து சேர்ந்தான்.

சரணம் முடிந்தது.

அடுத்த பக்கம். நான்காவது சரணம், ஜி, எல்லோருக்கும். தாளில் பளிச்சென்று இருந்தது. கிட்டார் ஏறியது. கீபோர்டும் ஏறியது.

பாட ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பொன்னையா சார் கையை உயர்த்தி இசையை நிறுத்தினார்.

தாளை முந்தின பக்கத்துக்கு, மூன்றாவது சரணத்துக்கே திருப்பினார்.