அவளுக்குப் பிந்தி வரும் குரல்

இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதம், கடல்கடந்து வந்து குடியேறிய கிரின்ஸ்டெட். மாலை வெயில் இன்னும் கார்க் கூரையில் கிடக்கிறது. தொழிற்சாலைக்குப் போகும் வழியிலும் வன்னிப் போர்ச் செய்தி தவறக் கூடாதென்று பாக்கியராசா சற்றலைட் றேடியோ வாங்கி, தன் கையாலேயே காரில் பூட்டிக்கொண்டிருக்கிறான். காந்த அன்ரனாவைக் கூரையில் வைத்ததும் டக்கென்று ஒட்டிக்கொள்கிறது. வயரைக் கதவு றப்பருக்குள் செருகிச் சுவிச்சைத் தட்டுகிறான். சிவப்பு வெளிச்சம் பச்சையாகிறது. இரைச்சல் விலகி, காணாமல்போன உறவுகளைத் தேடும் நிகழ்ச்சி தெளிகிறது.

"சொல்லுங்கோ அக்கா," என்கிறார் அறிவிப்பாளர்.

"என்ர மாமியைத் தேடுறன்."

றஜனியின் குரல். அவன் நிமிர்ந்து பார்க்கிறான். வீட்டுக் குசினி ஜன்னலில் மனைவி ரெலிபோனோடு நிற்கிறாள். அவள் உதடு முதலில் அசைகிறது. குரல் ஆகாயத்தைச் சுற்றிக்கொண்டு, பிந்தி, காருக்குள் வந்து விழுகிறது. "பேர் செல்லையா சிவகாமி. முள்ளிவாய்க்காலில பங்கருக்குள்ள கண்டதெண்டு சொல்லினம். முகாமில இல்லை. ஆராவது கண்டனீங்களெண்டால் சொல்லுங்கோ."

சிவகாமி அவனுடைய அம்மா. அம்மா வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டா என்று போன கிழமை சொன்னவள் றஜனிதான். அதற்குப் பிறகுதான் அவன் ஒழுங்காகச் சோறு தின்றான். ஆணி முடுக்கிய திருப்புளி கையிலிருந்து நழுவி இருக்கைக்கடியில் உருள்கிறது. ஜன்னலில் அவள் ரெலிபோனை வைத்துவிட்டு முகத்தைத் துடைக்கிறாள். உதடுகள் மூடிவிட்டன. காருக்குள் மட்டும் அவள் இன்னும் கதைக்கிறாள்: "எங்கட அவருக்குச் சொல்லேல்லை, தம்பி. தாங்கமாட்டார்."

தேத்தண்ணியோடு வாசலுக்கு வருகிறாள்.

"என்னப்பா, றேடியோ கதைக்குதோ?"

அவன் சுவிச்சை அணைக்கிறான்.

"இன்னும் இல்லை."