மீன் வாயைத் திறந்தால்

"அந்தாளை யாராச்சும் உக்காரச் சொல்லுங்கப்பா."

பின்னாலிருந்து ஒருத்தர் அலுத்துக்கொண்டார்.

புதுக்கோட்டையில் விவசாயக் கண்காட்சி. மீன் ஆராய்ச்சி ஸ்டாலில், பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பது பற்றி விஞ்ஞானி ஷர்லி மேடம் பேசிக்கொண்டிருந்தார். பேச விட்டால்தானே? முன்வரிசையில் ஒரு தலைப்பாகைக்காரர். மீன் தூங்குமா, கட்லாவையும் ரோகுவையும் ஒரே குட்டையில் விட்டால் அடித்துக்கொள்ளுமா என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தார்.

சொர்ணம் இடுப்பில் பிள்ளையோடு கடைசியில் நின்றாள். கேட்க அவளுக்கும் ஒன்று இருந்தது.

அரிமளம் பக்கம் அவர்கள் வயலில் ஒரு குட்டை. அவள் ஆசைப்பட்டு மீன் விட்டது. பத்து நாளாகத் தினமும் நாலைந்து செத்து மிதக்கிறது. இந்த வாரமும் செத்தால் குட்டையைத் தூர்த்துவிடுவேன் என்று புருஷன் கண்ணுசாமி சொல்லிவிட்டான்.

விடிகாலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறக்கும். நம்ம பிள்ளை மாதிரி பசிக்குதாக்கும் என்று, தீனியாகக் கூடை கூடையாகச் சாணியைப் போட்டாள். யாருக்கும் தெரியாது. அதனாலதான் சாகுதோ என்று இப்போது பயம். கேட்கலாமென்றால் புருஷன் பக்கத்திலேயே நிற்கிறான்.

தலைப்பாகைக்காரர் மறுபடி எழுந்தார்.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன் மேடம். விடியக்காலம் மீனு மேல வந்து வாயைப் பொளந்துச்சு. பசின்னு நெனச்சு சாணியை அள்ளி அள்ளிப் போட்டேன். சாக ஆரம்பிச்சிருச்சு."

கூட்டமே சிரித்தது. கண்ணுசாமிக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது.

"இப்படியும் ஒரு கூமுட்டை இருப்பானாடி?"

சொர்ணம் குனிந்து பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

மேடம் சிரிக்கவில்லை. அது பசியில்லை, மூச்சுத் திணறல் என்றார். சாணி அதிகமானால் தண்ணீரில் காற்று குறையும், விடிகாலையில் ரொம்பவே குறையும். சாணியை நிறுத்திவிட்டு, மோட்டார் தண்ணியை மழை மாதிரி பீய்ச்சிவிட்டால் மிச்ச மீன் பிழைக்கும் என்றார்.

கண்ணுசாமியின் சிரிப்பு நின்றது. நம்ம மீனும் வாயைத் திறந்துக்கிட்டுத்தானே செத்துச்சு என்றான். நாளைக்கே மோட்டாரைக் குட்டைப் பக்கம் திருப்பிப் பாப்போம், தூர்க்கிறதை அப்புறம் யோசிக்கலாம் என்றான்.

சொர்ணத்துக்கு உயிர் வந்தது.

கூட்டம் கலைந்ததும் நோட்டீஸ் வாங்க அவள் மட்டும் ஸ்டாலுக்குத் திரும்பினாள். மேஜைக்குப் பின்னால், தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு அந்த ஆள் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஷர்லி மேடம் கைகட்டி நின்றார்.

"மலையாண்டி சார், இது முழுக்க நீங்க பண்ணின ஆராய்ச்சி. அடுத்த ஊர்லயாவது நீங்க பதில் சொல்லுங்க. நான் கூட்டத்துல நின்னு கேள்வி கேக்குறேன்."

"பதிலை யாரு வேணாலும் சொல்லலாம்மா. சாணி போட்டுட்டுக் கேக்கக் கூச்சப்படுறவங்க எல்லா ஊருலயும் ஒருத்தராச்சும் நிப்பாங்க. அவங்களுக்குப் பதிலா யாராச்சும் சிரிப்பு வாங்கணும்ல?"